ஓப்பன் ரெயில்ஸுக்கு வந்திருக்கும் கேலப்பிங் கூஸ் தொகுப்பு: ஓட்டிப் பார்த்த மதிப்புரை

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ரியோ கிராண்டே சதர்ன் என்ற நேரோ கேஜ் (குறுகிய அகல) ரயில்பாதையில் 1931 முதல் ஓடிய, கேலப்பிங் கூஸ் (பாய்ந்தோடும் வாத்து) என்று அழைக்கப்படும் மோட்டார் வண்டிகளை, ஓப்பன் ரெயில்ஸ் என்னும் இலவச ரயில் சிமுலேட்டரில் ஓட்டுவதற்காக ஆர்வலர் குழு ஒன்று உருவாக்கி வெளியிட்டிருக்கும் தொகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலைப்பாதையில் கியர் மாற்றி ஓட்டும் அனுபவத்தை இந்தத் தொகுப்பு தரும் அளவுக்கு நேர்மையாகத் தந்த வேறொரு இலவச வெளியீட்டை நான் கண்டதில்லை; அதே சமயம், ஒரு வண்டியின் வாழ்நாளில் எந்த ஆண்டைக் காட்டுகிறோம் என்ற கேள்விக்கு இது சில இடங்களில் மிகத் துல்லியமாகவும் சில இடங்களில் கவனக்குறைவாகவும் விடை சொல்கிறது. நேரோ கேஜ் மோட்டார் வண்டிகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வி சிறியதன்று. ஒரே எண்ணைத் தாங்கிய வண்டியே தன் இருபது ஆண்டுக்காலத்தில் முன்பகுதி, என்ஜின், நிறம், பயன்பாடு என்று எல்லாமே மாறிய வண்டியாக இருக்கக்கூடும்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொன்னால்தான் தொகுப்பின் அருமை புரியும். ஓட்டோ மியர்ஸ் முன்னின்று அமைத்து 1891-இல் முடித்த இந்தப் பாதை, ரிஜ்வேயிலிருந்து டுராங்கோ வரை 162 மைல் நீளம் கொண்டது. தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 3 அடி மட்டுமே. வெள்ளிச் சுரங்கங்களை நம்பிப் போடப்பட்ட பாதை என்பதால், 1893-இல் வெள்ளியின் விலை சரிந்தபோதே அதன் நல்ல காலம் முடிந்துவிட்டது. பிறகு பல ஆண்டுகள் தள்ளாடிச் சென்ற நிறுவனம் 1929-இல் மீண்டும் நீதிமன்ற நிர்வாகத்தின் கீழ் வந்தது. நீராவி என்ஜினையும் அதற்கான ஆட்களையும் வைத்து, சில பயணிகளுக்காகவும் தபால் பைகளுக்காகவும் நாள்தோறும் ரயில் விட்டால் கட்டுப்படியாகாது. ரயிலை நிறுத்தினாலோ அரசாங்கத்தின் தபால் ஒப்பந்தம் கைவிட்டுப் போகும். நிர்வாகியான விக்டர் மில்லரும் தலைமை மெக்கானிக்கான ஜாக் ஓடன்பாக்கும் இதற்குக் கண்ட வழி, பழைய சொகுசுக் கார்களை வாங்கி, அவற்றுக்கு ரயில் சக்கரங்களைப் பொருத்தி, பின்பக்கத்தில் சரக்குப் பெட்டியை இணைத்து ஓட்டுவது. ரிஜ்வே பட்டறையில் 1931-இல் தொடங்கிய இந்த வேலையில் அந்தப் பாதைக்கென்று மொத்தம் ஏழு வண்டிகள் உருவாயின.

ஏழும் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. முதல் வண்டி ப்யூயிக் மாஸ்டர் சிக்ஸ் காரின் முன்பகுதியையும், பின்னால் திறந்த சரக்குத் தட்டையும் கொண்டது. இரண்டாவதும் ப்யூயிக்தான், ஆனால் அதன் சரக்குப் பகுதி மூடிய பெட்டியாக இருந்தது. 3, 4, 5, 7 ஆகிய எண்களைக் கொண்டவை பியர்ஸ்-ஆரோ கார்களின் உடலைக் கொண்டவை. அவற்றின் சரக்குப் பகுதி ஒரு சிறிய மூடிய வேகன் அளவுக்குப் பெரியது. ஆறாவது வண்டி, கழற்றப்பட்ட முதல் வண்டியின் பாகங்களையும் சேர்த்துக் கட்டப்பட்டு, பாதைப் பராமரிப்பு வேலைக்கு மட்டுமே பயன்பட்டது. முதலில் கறுப்பும் மங்கிய பச்சையுமாக இருந்த வண்டிகள் 1935-இல்தான் இன்று எல்லோருக்கும் நினைவிருக்கும் வெள்ளி நிறத்துக்கு மாறின. இரண்டாம் உலகப் போரின் முடிவை ஒட்டிய ஆண்டுகளில் 3, 4, 5 ஆகிய மூன்றுக்கும் பியர்ஸ்-ஆரோ உடல் நீக்கப்பட்டு வேய்ன் பேருந்தின் உடல் பொருத்தப்பட்டது. ராணுவ உபரியாக வந்த ஜிஎம்சி லாரி என்ஜின்களும் ஏற்றப்பட்டன. தபால் ஒப்பந்தம் 1950-இல் லாரிகளுக்குப் போன பிறகு 3, 4, 5, 7 ஆகியவற்றின் சரக்குப் பெட்டிகளில் பெரிய ஜன்னல்கள் வெட்டப்பட்டு, இருக்கைகள் போடப்பட்டு, அவை சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் சென்றன. கதவுகளில் ஓடும் வாத்தின் உருவமும் கேலப்பிங் கூஸ் என்ற எழுத்தும் வந்தது அப்போதுதான். அந்தச் சேவையும் 1951-உடன் முடிந்தது. அதற்கு அடுத்த ஆண்டுகளில் பாதையே பிரித்தெடுக்கப்பட்டது.

இவ்வளவையும் இங்கே விரித்துச் சொல்வதற்குக் காரணம், தொகுப்பின் மாதிரிகளை இந்த ஆண்டுக் கணக்கோடு ஒட்டிப் பார்த்தால்தான் அவற்றின் தரம் தெரியும் என்பதே. அவ்வாறு பார்க்கையில் முதலிடம் ஏழாம் எண்ணுக்குச் செல்கிறது. பியர்ஸ்-ஆரோ உடலைக் கடைசி வரை விடாமல் வைத்திருந்த வண்டி அது. ஆகவே கார் முகமும், ஜன்னல் வெட்டிய பெட்டியும், கதவில் வாத்துச் சின்னமும் ஒன்றாகச் சேர்வது அந்த வண்டிக்கு மட்டுமே பொருந்தும். தொகுப்பில் அதன் 1950-ஆம் ஆண்டு வடிவம் அப்படியே வந்திருக்கிறது. காரின் வளைந்த பின்விளிம்பு நேர்கோட்டுப் பெட்டியைச் சந்திக்கும் இடத்தில் ஒரு பட்டறைத் தொழிலாளி எப்படித் தகட்டை வளைத்து மூடியிருப்பானோ அப்படியே மூடியிருக்கிறார்கள். ஆணித் தலைகள் இயந்திரத்தில் அடித்தவை போலச் சம இடைவெளியில் இல்லாமல் சற்றே விலகி நிற்கின்றன. தொழிற்சாலையில் பிறந்த வண்டியைப் போல இதை வழவழப்பாக்கிக் காட்டும் ஆசையை அடக்கியிருக்கிறார்களே, அதற்காகவே அவர்களைப் பாராட்டுகிறேன்.

ஐந்தாம் எண்ணுக்கு இரண்டு மாதிரிகள் தந்திருக்கிறார்கள்: பியர்ஸ்-ஆரோ உடல் கொண்ட 1930-களின் வடிவம் ஒன்று, வேய்ன் பேருந்து உடல் கொண்ட பிற்கால வடிவம் ஒன்று. பேருந்து வடிவத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. உண்மையான ஐந்தாம் எண் இன்றும் அதே உடலோடு இருப்பதால் அளவுகளை எடுப்பது எளிதாக இருந்திருக்கும். சிக்கல் பழைய வடிவத்தில்தான். அதற்கு அவர்கள் கொடுத்திருக்கும் வண்ணத் தேர்வுகளுள் ஒன்று வெள்ளி நிறமும் கதவில் வாத்துச் சின்னமும் கொண்டது. பியர்ஸ்-ஆரோ உடலோடு ஐந்தாம் எண் ஓடிய காலத்தில் அந்தச் சின்னமே கிடையாது. சின்னம் வந்தபோது அந்த உடல் கிடையாது. இதேபோல, முதல் வண்டிக்கும் வெள்ளி நிறத்தைத் தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்திருக்கிறார்கள். இரண்டே ஆண்டுகள் ஓடி, வெள்ளி நிறம் வருவதற்கு முன்பே கழற்றப்பட்ட வண்டி அது. கற்பனை வண்ணங்களைத் தருவது தவறென்று சொல்ல வரவில்லை. சிமுலேட்டரில் அவரவர் விருப்பப்படி வண்ணம் பூசிக்கொள்வது நெடுநாள் வழக்கம். ஆனால் அவற்றைக் கற்பனை என்று பெயரிட்டுத் தனிக் கோப்புறையில் வைத்திருக்க வேண்டும். வரலாற்று வடிவங்களோடு ஒரே வரிசையில், ஒரே மாதிரியான பெயரோடு வைத்தால், புதிதாக இந்தப் பாதையைப் பற்றி அறிய வருபவர் அதையே உண்மையென்று எடுத்துக்கொள்வார். அருங்காட்சியகத்துக்குப் போக முடியாத பலருக்கு இத்தகைய தொகுப்பே அருங்காட்சியகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இனி ஓட்டும் அனுபவம். தொகுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பெட்ரோல் மோட்டார் வண்டிகளைச் சிமுலேட்டருக்குக் கொண்டுவரும்போது பலர் செய்யும் குறுக்குவழி ஒன்று உண்டு. டீசல்-மின்சார என்ஜினுக்கான அமைப்புக் கோப்பை எடுத்து, குதிரைத்திறனையும் எடையையும் குறைத்து எழுதிவிட்டு, மேலே காரின் தோற்றத்தைப் போர்த்திவிடுவார்கள். அப்படிச் செய்த வண்டி ஏற்றத்தில் சீராக, தடங்கலின்றி, திறன் தீரும் வரை இழுத்துக்கொண்டே போகும். பென்சில்வேனியாவின் ஈஸ்ட் பிராட் டாப் பாதையில் 1927-இல் உருவான எம்-1 போன்ற வண்டிக்கு அது ஏறக்குறையச் சரி. அதன் பெட்ரோல் என்ஜின் மின்னாக்கியைச் சுழற்ற, மின்மோட்டார்கள் சக்கரங்களை இயக்குகின்றன. கேலப்பிங் கூஸ் அப்படியன்று. அது கிளட்சும் கியர்பெட்டியும் கொண்ட கார். கியர் மாற்றும் நொடியில் சக்கரத்துக்குப் போகும் விசை முழுவதும் அறுந்துபோகும். ஓப்பன் ரெயில்ஸில் கைமுறைக் கியருக்கான வசதி இருக்கிறது. இந்தக் குழுவினர் அதை முழுமையாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இதன் விளைவைச் சரிவில்தான் உணர முடியும். ரியோ கிராண்டே சதர்ன் பாதையில் 100 அடிக்கு 4 அடி உயரும் ஏற்றங்கள் உண்டு. அத்தகைய ஏற்றத்தில் ஒவ்வொரு டன் எடைக்கும், உராய்வு நீங்கலாக, புவியீர்ப்பு மட்டுமே ஏறத்தாழ 40 கிலோ விசையோடு பின்னுக்கு இழுக்கும். கியரை மாற்றுவதற்காகக் கிளட்சை விடுவித்த அந்த இரண்டு மூன்று விநாடிகளில் வண்டியின் வேகம் கண்ணெதிரே கரைகிறது; மாற்றி முடிப்பதற்குள் அடுத்த கியருக்குத் தேவையான வேகம் இல்லாமல் போய், மறுபடியும் கீழ் கியருக்கே இறங்க வேண்டி வருகிறது. ஏற்றம் தொடங்குவதற்கு முன்பே சரியான கியரைத் தேர்ந்துவிட்டு, உச்சி வரை அதிலேயே பொறுமையாக ஏறுவதுதான் ஒரே வழி என்பதைத் தொகுப்பின் கையேடு சொல்லவில்லை. வண்டியே சொல்லிக் கொடுக்கிறது. வளைவில் கூடும் உராய்வும் சேரும்போது, சமதளத்தில் போதுமானதாகத் தோன்றிய வேகம் போதாமல் போவதையும் காணலாம். ஒரு மலைப்பாதையின் நில அமைப்பைக் கண்ணால் பார்ப்பதைக் காட்டிலும் இப்படிக் கியர்க்கோல் வழியாக அறிவது ஆழமான அறிவு என்பேன்.

உயரத்தின் தாக்கத்தையும் அவர்கள் மறக்கவில்லை என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியளித்தது. ரிஜ்வே கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. இந்தப் பாதை கடக்கும் லிசர்ட் ஹெட் கணவாய் 10,200 அடிக்கும் மேலே. சாதாரணப் பெட்ரோல் என்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் திறனை இழக்கும் என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. அப்படியானால், தொழிற்சாலையில் அச்சிட்ட குதிரைத்திறனில் ஏறக்குறைய முப்பது சதவீதம் அந்தக் கணவாயை அடையும்போது இல்லாமல் போயிருக்கும். தொகுப்பினர் மலைப்பகுதிக்கான சராசரித் திறனைக் கணக்கிட்டு அதையே என்ஜினின் திறனாக எழுதியிருக்கிறார்கள். இதனால் ரிஜ்வேயில் வண்டி உண்மையைவிடச் சற்றே சோம்பலாகவும், கணவாயில் சற்றே வலுவாகவும் இருக்கிறது. ஆனாலும் கடல் மட்டத்துத் திறனை அப்படியே எழுதிவிடுவதைவிட இது எவ்வளவோ மேலானது. இந்தச் சமரசத்தைக் கையேட்டில் வெளிப்படையாகச் சொல்லியிருப்பது அவர்களின் நேர்மையைக் காட்டுகிறது.

இறக்கத்திலும் இதே பொறுப்பு தெரிகிறது. கணவாயிலிருந்து டிரவுட் ஏரியைக் கடந்து ஓஃபிர் பக்கம் இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பினால் காற்றழுத்தம் வேகமாகத் தீர்கிறது. கீழ் கியரில் என்ஜினையே தடையாக வைத்து, பிரேக்கை இடையிடையே தொட்டு இறங்கினால் வண்டி கட்டுக்குள் இருக்கிறது. லாரி ஓட்டியவர்களுக்கு இது இயல்பாக வரும். ரயில் சிமுலேட்டரில் மட்டுமே பழகியவர்களுக்குச் சிறிது காலம் பிடிக்கும்.

வண்டியின் கட்டமைப்பில் ஒரு குறை இருக்கிறது. பியர்ஸ்-ஆரோ வகை வண்டிகள் மூன்று சக்கரத் தொகுதிகளின் மேல் நிற்பவை: காரின் முன்பக்கத்துக்கு ஒன்று, காரும் பெட்டியும் சந்திக்கும் நடுப்பகுதிக்கு ஒன்று, பெட்டியின் பின்முனைக்கு ஒன்று. என்ஜினின் விசை போய்ச் சேர்வது நடுத் தொகுதிக்கு. காரும் பெட்டியும் வளைவில் ஒன்றோடொன்று மடிந்து திரும்பும். பெரும்பாலான சிமுலேட்டர்கள் ஒரு வண்டிக்கு இரண்டு தொகுதிகள் என்ற எண்ணத்தில் வளர்ந்தவை என்பதால், இந்தக் குழுவினர் காரை ஒரு வண்டியாகவும் பெட்டியை இன்னொரு வண்டியாகவும் பிரித்து, இடையே பிரிக்க முடியாத இணைப்பைப் போட்டிருக்கிறார்கள். நேர்ப்பாதையிலும் மிதமான வளைவிலும் இது தெரியவே தெரியாது. ஓஃபிர் வளைவின் இறுக்கமான பகுதிகளில் மட்டும் பெட்டியின் முன்சுவர் காரின் பின்தகட்டுக்குள் புகுந்து வெளிவருகிறது. வெளிக் காட்சியில் அருகிலிருந்து பார்க்கும்போது இது உறுத்துகிறது. பெட்டியின் சுழல்புள்ளியை நடுத் தொகுதியின் மையத்துக்கு நேராக நகர்த்தினால் பெருமளவு சரியாகும் என்று நினைக்கிறேன். இப்போது அது சில அங்குலங்கள் பின்தள்ளி இருப்பதாகத் தோன்றுகிறது. இரண்டு தொகுதிகள் மட்டுமே கொண்ட இரண்டாம், ஆறாம் எண்களில் இந்தத் தொல்லை இல்லை.

ஒலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஐந்தாம் எண் வண்டி டொலோரஸ் நகரில் சீரமைக்கப்பட்டு 1998-இல் மீண்டும் ஓடத் தொடங்கியது; கம்பிரஸ்-டோல்டெக் பாதையிலும் டுராங்கோ-சில்வர்டன் பாதையிலும் அவ்வப்போது ஓடியிருக்கிறது. தொகுப்பிலுள்ள என்ஜின் ஒலி ஓடும் வண்டியிலிருந்து பதிவானது என்று கையேடு கூறுகிறது. கேட்கும்போதும் அப்படியே தெரிகிறது. குளிர்ந்த என்ஜின் உறுமத் தயங்குவதும், கியர் மாறும்போது பற்சக்கரங்கள் முனகுவதும், நீண்ட ஏற்றத்தில் குரல் ஒரே சுருதியில் நிலைத்து நிற்பதும் அவ்வளவு உயிரோட்டமாக இருக்கின்றன. ஆனால் அந்த ஒலி ஜிஎம்சி லாரி என்ஜினுக்குரியது. பேருந்து உடல் கொண்ட பிற்கால வடிவத்துக்கு அது மிகச் சரி. அதே ஒலியை 1930-களின் பியர்ஸ்-ஆரோ வடிவத்துக்கும், ப்யூயிக் என்ஜின் கொண்ட முதலிரண்டு வண்டிகளுக்கும் பொருத்தியிருப்பதை ஏற்க முடியவில்லை. சொகுசுக் காருக்கென்று அமைதியாகவும் மென்மையாகவும் ஓடுமாறு செய்யப்பட்ட பெரிய ஆறு சிலிண்டர் என்ஜினும், போர்க்கால லாரி என்ஜினும் ஒரே குரலில் பேசாது. அதே காலத்துப் பழைய கார்களை ஓடும் நிலையில் பேணுவோர் பலர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து முறையாக அனுமதி பெற்றுப் பதிவு செய்தால் இந்தக் குறை நீங்கும். ஹாரன் ஒலிக்கு மட்டும் முழு மதிப்பெண். நீராவி விசிலுக்குப் பழகிய பள்ளத்தாக்கில் கார் ஹாரன் எதிரொலிப்பது எவ்வளவு வேடிக்கையாக இருந்திருக்கும் என்பதை அது உணர்த்துகிறது.

ஓட்டுநர் அறைக்குள் சுற்றிப் பார்க்கலாம். முப்பரிமாண அறை எல்லா மாதிரிகளுக்கும் உண்டு. அழுத்தமானிகளின் முள்கள் சீராக அசைகின்றன. இரவில் அவற்றின் விளக்கு மங்கலாக எரிவது கண்ணுக்கு இதமாக இருக்கிறது. நீண்ட ஏற்றங்களில் என்ஜின் சூடாகாமல் இருப்பதற்காகப் பானெட்டின் பக்கத் தகடுகளைத் திறந்து வைத்து ஓட்டுவது அந்தப் பாதையில் வழக்கம்; ஒரு விசையை அழுத்தினால் அவை இருபுறமும் இறக்கை போல விரிகின்றன. அழகான அசைவுதான். ஆனால் அதற்கும் என்ஜின் வெப்பத்துக்கும் எந்தத் தொடர்பும் வைக்கவில்லை. மூடி வைத்தாலும் திறந்து வைத்தாலும் வெப்பமானி ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

நிறுவுவதில் சிரமமில்லை. கோப்புறைகளை உரிய இடத்தில் நகலெடுத்தால் போதும். நடுத்தரமான கணினியிலும் தடையின்றி ஓடுகிறது. கூடவே வரும் சோதனைப் பாதை, ஓஃபிர் முதல் கணவாய் வரையிலான பகுதியை மட்டும் எளிய நிலத்தோற்றத்தோடு காட்டுகிறது. மரப்பாலங்கள் நன்றாக இருக்கின்றன, மரங்கள் தட்டையாக இருக்கின்றன. வண்டியைச் சோதிக்க அது போதும்.

தபால் வண்டியாக ஓடும் பயணப் பணி ஒன்றும் தந்திருக்கிறார்கள். நிறுத்தங்களுக்கு இடையே கொடுத்த நேரம் மிகத் தாராளமாக இருப்பதால் அதில் சவால் குறைவு. தபாலைக் காலத்தில் சேர்க்க வேண்டும் என்ற கட்டாயத்தால்தான் இந்த வண்டிகளே பிறந்தன. அந்த நெருக்கடி பணியிலும் இருந்திருக்க வேண்டும். மாறாக, ஆறாம் எண்ணைக் கொண்டு பாதைப் பராமரிப்பு ஆட்களை ஏற்றிச் செல்லும் பணி சிறியதாயினும் செறிவானது: அடிக்கடி நிற்க வேண்டும், ஏற்றத்தின் நடுவே மறுபடி கிளம்ப வேண்டும். சரிவில் நின்ற வண்டியைப் பின்னுக்கு உருளவிடாமல் கிளட்சையும் பிரேக்கையும் ஒத்திசைத்துக் கிளப்புவதற்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

தரவிறக்க நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. பிற்கால ஐந்தாம் எண், ஏழாம் எண், ஆறாம் எண் ஆகிய மூன்றையும் தயங்காமல் எடுத்து ஓட்டலாம். 1930-களின் வடிவங்களை ஓட்டுபவர்கள் கறுப்பு-பச்சை அல்லது சின்னமில்லாத வெள்ளி வண்ணத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. ஒலி மட்டும் அந்தக் காலத்துக்குரியதன்று என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் வண்டியின் வெள்ளி வடிவத்தைத் தொகுப்பினர் அடுத்த பதிப்பில் நீக்கிவிட வேண்டும், அல்லது கற்பனை என்று குறிக்க வேண்டும். சுழல்புள்ளியைத் திருத்துவதும் பியர்ஸ்-ஆரோ என்ஜினுக்குத் தனி ஒலி சேர்ப்பதும் அதற்கு அடுத்த வேலைகள். மூன்றாம், நான்காம் எண்களுக்கு இன்னும் தனி மாதிரிகள் இல்லை. மூன்றாம் எண் கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்காவிலும், 2, 6, 7 ஆகியவை கோல்டன் நகரிலுள்ள கொலராடோ ரயில் அருங்காட்சியகத்திலும் இன்றும் இருப்பதால், நேரில் அளவெடுக்கவும் படமெடுக்கவும் வழியிருக்கிறது. விடுபட்ட அந்த இரண்டையும் இதே அக்கறையோடு அவர்கள் உருவாக்கினால் நான் முதல் ஆளாகத் தரவிறக்குவேன்.